கையெழுத்துக்கு முன் வக்கீலைப் பாருங்கள்

மாடு தீவனம் எடுக்காவிட்டால் அன்றே கால்நடை மருத்துவரைத் தேடிப் போகிறோம். நெல்லில் புகையான் கண்டால் மறுநாளே வேளாண்மை அலுவலரைக் கேட்கிறோம். நிலத்துப் பத்திரத்தில் கோளாறு என்றால் மட்டும், கோர்ட்டு அமீனா வாசலில் வந்து நிற்கும் வரை யாரையும் கேட்பதில்லை. வக்கீல் வீட்டுப் படி ஏறினால் பணம் கரையும் என்ற பயமே இதற்குக் காரணம்.

இந்தப் பயத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் அதிகமாகப் பணம் கரைவது காலம் கடந்து போகிறவர்களுக்குத்தான். பத்திரத்தைக் கையெழுத்துக்கு முன்பு படித்துப் பார்த்து யோசனை சொல்ல வக்கீலுக்குச் சில மணி நேரம் போதும். கையெழுத்துப் போட்ட பிறகு அதே பத்திரத்தை ரத்து செய்யப் பல ஆண்டுகள் வாய்தாவுக்கு நடக்க வேண்டி வரும். வெள்ளம் வருமுன் அணை போடுவது போலத்தான் இதுவும். எந்தெந்த நேரத்தில் வக்கீலிடம் போக வேண்டும், எந்தெந்த வேலைக்கு அவர் தேவையில்லை என்பதைச் சிறு விவசாயிகள் அவசியம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

வக்கீல் தேவைப்படாத வேலைகள்

பட்டா, சிட்டா, அடங்கல் நகல், வில்லங்கச் சான்று ஆகியவற்றை நீங்களே வாங்கிக் கொள்ளலாம். பட்டா மாறுதலுக்கு நீங்களே விண்ணப்பம் செய்யலாம். வரப்பைப் பக்கத்து நிலத்துக்காரர் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி வருகிறார் என்று சந்தேகம் இருந்தால், முதலில் உரிய கட்டணம் செலுத்தி சர்வேயரை வைத்து அளந்து பாருங்கள். அளந்து கல் நட்ட பிறகு பாதித் தகராறு தானே அடங்கி விடும்.

மின் இணைப்பு, பயிர்க் காப்பீடு, வெள்ள நிவாரணம் போன்றவற்றில் தாமதம் இருந்தால் கலெக்டர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுங்கள். மனு எங்கே நிற்கிறது என்று அறிய 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். பொதுவாக 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது விதி.

நிலம் வாங்கும் போது

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பத்திரங்களை வக்கீலிடம் காட்டுங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவரே முழுச் சொந்தக்காரர் என்று பலர் நம்புகிறார்கள். பட்டா வருவாய்த் துறையின் பதிவு. அதுவே முழு உரிமைப் பத்திரம் ஆகிவிடாது. வில்லங்கச் சான்றும் பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும். வாரிசுகளுக்குப் பிறப்பால் வந்த உரிமை அதில் தெரியாது.

உதாரணமாக ஒன்றைப் பார்ப்போம். தகப்பனார் இறந்த பிறகு இரண்டு ஏக்கர் பூர்வீக நிலத்தின் பட்டா மூத்த மகன் பெயருக்கு மாறியிருக்கிறது. அவரும் தம்பியும் கையெழுத்துப் போட்டு நிலத்தை விற்கிறார்கள். வாங்கியவர் கிணறு வெட்டி, மோட்டார் வைத்து, தென்னை நட்டு விடுகிறார். சில ஆண்டுகள் கழித்து, வேறு ஊரில் வாழ்க்கைப்பட்ட தங்கை தன் பங்கைக் கேட்டு வழக்குப் போடுகிறார். அந்த வழக்கை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

தமிழ்நாட்டில் 25-3-1989 முதல், அன்றைய தேதியில் மணமாகாதிருந்த மகள்களுக்கு இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகன்களைப் போலவே பங்குரிமை தரப்பட்டது. 9-9-2005 முதல் மணமான மகள்களுக்கும் சேர்த்து நாடு முழுவதும் இந்த உரிமை வந்தது. 2005-இல் தகப்பனார் உயிருடன் இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று 2020-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக் கூறியது. தகப்பனார் தாமே சம்பாதித்த நிலமாக இருந்து, உயில் எழுதாமல் இறந்திருந்தாலும் மனைவி, தாயார், மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வாரிசுச் சட்டம் வேறு. பழைய பாகப் பத்திரம் இருந்தால் அதன் தேதியும், அது பதிவானதா என்பதும் முக்கியம். யார் யார் கையெழுத்து வேண்டும் என்பதை மூலப்பத்திரத்தையும் வாரிசுச் சான்றையும் பார்த்து வக்கீல்தான் சொல்ல முடியும்.

பவர் பத்திரம் மட்டும் எழுதித் தருகிறேன், முழுத் தொகையையும் கொடுத்து விடுங்கள் என்று யாராவது சொன்னால் உஷாராக இருங்கள். பவர் பத்திரத்தால் மட்டும் நிலம் வாங்கியவருக்குச் சொந்தமாகி விடாது என்று 2011-இல் சுப்ரீம் கோர்ட் தெளிவாகக் கூறியிருக்கிறது. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தின் கிரயம் பதிவு செய்த பத்திரத்தின் மூலமே செல்லும்.

கிணற்றில் பங்கு, மோட்டார் முறை, வண்டிப்பாதை, வாய்க்கால் ஆகியவற்றைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சாக விட்ட கிணற்றுப் பங்கு அடுத்த தலைமுறையில் சண்டையாக முளைக்கும்.

கடனுக்காக எழுதித் தரும் கிரயம்

சிறு விவசாயிகள் நிலத்தை இழக்கும் வழிகளில் இது மிகவும் கொடியது. பெண்ணின் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ அவசரமாகப் பணம் வேண்டியிருக்கிறது. கடன் கொடுப்பவர், "அடமானம் எல்லாம் வேண்டாம். கிரயமாகவே எழுதிக் கொடுத்து விடுங்கள். பணத்தைத் திருப்பியதும் நானே மறுகிரயம் செய்து தருகிறேன்" என்கிறார். நன்றாகப் பழகிய மனிதர் என்று நம்பிக் கையெழுத்துப் போடுகிறோம். வட்டியும் ஒழுங்காகக் கட்டி வருகிறோம். நிலத்தின் விலை ஏறியதும், "நான் வாங்கிய நிலம்தானே?" என்று அவர் திருப்பிக் கேட்கிறார். அவர் இறந்து, மகன்கள் பொறுப்புக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம்.

கிரயம் போலத் தோன்றும் ஒரு பத்திரம் அடமானமாகக் கருதப்பட வேண்டுமானால், பணம் திருப்பியதும் நிலத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை அதே பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டம். தனிக் காகிதத்தில் எழுதி வாங்கியிருந்தாலும் அது அடமானம் ஆகாது. வாய்ச்சொல்லைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அடமானம் என்றே எழுதிப் பதிவு செய்திருந்தால், பொதுவாகப் பணம் கொடுக்க வேண்டிய கெடு வந்த நாளிலிருந்து 30 ஆண்டு வரை நிலத்தை மீட்க வழக்குப் போடலாம். ஒரே ஒரு தாளின் வாசகத்தால் வரும் வித்தியாசம் இது.

ஆகையால் கடனுக்காக நிலத்தின் மீது எந்தப் பத்திரம் எழுதுவதானாலும், அவசரம் எவ்வளவு இருந்தாலும், முதலில் ஒரு வக்கீலிடம் படித்துக் காட்டுங்கள். பத்திரம் எழுதுபவர் சொன்னதை எழுதித் தருவார். அதனால் உங்களுக்கு என்ன நேரும் என்று யோசனை சொல்வது அவர் வேலை அல்ல. வெற்றுத் தாளிலும், தொகை எழுதாத புரோநோட்டிலும், காலியான செக்கிலும் கையெழுத்துப் போடவே கூடாது.

பணம் வர வேண்டியிருந்தால்

வாழைத்தார், மஞ்சள், தேங்காய் ஆகியவற்றை வியாபாரிக்குக் கடனாகக் கொடுப்பவர்கள், டிராக்டர் வாடகைக்கு விடுபவர்கள், பால் அல்லது தீவன வியாபாரம் செய்பவர்கள் எல்லோரும் ஒரு கணக்கை நினைவில் வைக்க வேண்டும். தவணை பேசாமல் சரக்குக் கொடுத்திருந்தால், கொடுத்த நாளிலிருந்து பொதுவாக 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். கேட்டவுடன் தருவதாக எழுதிய புரோநோட்டுக்கும் எழுதிய தேதியிலிருந்து 3 ஆண்டுதான். அந்தக் கெடுவுக்குள் கடன்பட்டவர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தால், அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு கிடைக்கும். தையில் தருகிறேன், ஆடியில் தருகிறேன் என்று வாயால் சொல்வது கணக்கில் வராது. இரண்டு ஆண்டு தாண்டியும் பணம் வரவில்லை என்றால் வக்கீலைப் பார்க்கும் நேரம் வந்து விட்டது என்று பொருள்.

செக் பணமில்லாமல் திரும்பினால் கெடு இன்னும் குறுகியது. செக்கை அதன் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் பாங்கியில் போட வேண்டும். திரும்பிய தகவல் பாங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் வராவிட்டால், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் செய்ய வேண்டும். வியாபாரி சமாதானம் சொல்லிக்கொண்டே இந்த நாட்களைக் கடத்தி விடுவது உண்டு. செக் திரும்பிய வாரத்திலேயே வக்கீலிடம் போய் விடுங்கள்.

தபாலில் காகிதம் வந்தால்

கோர்ட்டு சம்மனையோ ரிஜிஸ்டர் தபாலையோ வாங்க மறுப்பது பெரிய தவறு. வாங்க மறுத்தாலும் சேர்ந்ததாகவே கோர்ட்டு எடுத்துக்கொள்ளும். பிறகு நீங்கள் ஆஜராகாமலே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகி விடலாம். வாங்கிய உடனே கவரின் மேல் வாங்கிய தேதியை எழுதி வையுங்கள். கவரைத் தூர எறிய வேண்டாம்.

எதிர்த்தரப்பு வக்கீல் அனுப்பும் நோட்டீஸ் கோர்ட்டு உத்தரவு அல்ல. அதைக் கண்டு நடுங்க வேண்டியதில்லை. ஆனால் பதில் அனுப்பாமல் விட்டால், அன்றே ஏன் மறுக்கவில்லை என்ற கேள்வி பின்னால் வரும். உங்கள் வக்கீல் மூலம் பதில் அனுப்புவதே நல்லது.

சிவில் வழக்கில் சம்மன் கிடைத்தால் 30 நாளில் பதிலுரை தாக்கல் செய்ய வேண்டும். கோர்ட்டு அனுமதித்தால் 90 நாள் வரை நீளலாம். ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகிவிட்டால் அதை நீக்கக் கோரி 30 நாளில் மனுப் போட வேண்டும். சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால், தீர்ப்பைப் பற்றித் தெரிந்த நாளிலிருந்து அந்த 30 நாள் கணக்கிடப்படும்.

பக்கத்துக்காரர் உங்களுக்குத் தெரியாமல் தடையுத்தரவு வாங்கி விடுவார் என்று பயம் இருந்தால், முன்கூட்டியே கேவியட் மனு போட்டு வைக்கலாம். அது 90 நாள் செல்லும். அதற்குள் எதிராளி மனுப் போட்டால் உங்களுக்கும் தகவல் வரும்.

நெடுநாள் நடந்து வந்த வண்டிப்பாதையையோ வாய்க்காலையோ ஒருவர் திடீரென அடைத்தால் நாளைக் கடத்தாதீர்கள். 20 ஆண்டு தடையின்றி உரிமையாக அனுபவித்து வந்ததைக் கொண்டு பாதை உரிமை கேட்பவர், தடை ஏற்பட்ட 2 ஆண்டுக்குள் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்பது சட்டம். ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசுவது நல்லதுதான். பேச்சு இழுத்துக்கொண்டே போய் இந்த 2 ஆண்டு கடந்து விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சர்க்கார் நிலம் எடுக்கும் போது

சாலைக்கோ தொழிற்பேட்டைக்கோ நிலம் எடுப்பதாக அறிவிப்பு வந்தால், எந்தச் சட்டத்தின் கீழ் எடுக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். சட்டத்துக்குச் சட்டம் கெடு மாறும். 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி என்றால், முதல் அறிவிக்கை வெளியான 60 நாளுக்குள் ஆட்சேபணை தரலாம். தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி என்றால் 21 நாள் மட்டுமே. தமிழ்நாட்டில் தொழில் திட்டங்களுக்கும் மாநில நெடுஞ்சாலைகளுக்கும் தனிச் சட்டங்கள் உள்ளன. இதைப் பிரித்துச் சொல்ல வக்கீல் கட்டாயம் தேவை.

நஷ்டஈடு குறைவு என்று தோன்றினால், பணத்தை வாங்கும் போதே "ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆட்சேபணை சொல்லாமல் வாங்கியவர் கூடுதல் தொகை கேட்க முடியாது. நஷ்டஈட்டுத் தீர்வு கூறிய போது நேரில் இருந்தவர் கூடுதல் தொகைக்கு 6 வாரத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். கிணறு, பம்புசெட், ஆழ்துளைக் குழாய், மரங்கள் எல்லாவற்றையும் எண்ணி, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாங்கிக் கடன் பாக்கிக்காகச் சொத்தை எடுத்துக்கொள்ளும் 2002-ஆம் ஆண்டின் சட்டப்படி நோட்டீஸ் வந்தால் 60 நாள் அவகாசம் உண்டு. அடமானம் வைத்தது விவசாய நிலமானால் அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் நிலம் உண்மையிலேயே சாகுபடியில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அடங்கலை வைத்துக்கொண்டு உடனே வக்கீலிடம் போக வேண்டும்.

விதை முளைக்காவிட்டால்

விதையோ பூச்சிமருந்தோ பம்போ மோசமாக இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்களே நேரில் புகார் செய்யலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று 2012-இல் சுப்ரீம் கோர்ட் கூறியுள்ளது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. 2 ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். ரசீது, விதைப் பை, அதிலுள்ள அட்டை ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி, பயிர் வயலில் நிற்கும் போதே வேளாண்மை அலுவலரை அழைத்துக் காட்டி, எழுத்து மூலம் அறிக்கை கேளுங்கள். இழப்புப் பெரிதாக இருந்தால் வக்கீல் உதவியும் வைத்துக்கொள்வது நல்லது.

கைகலப்பு, கைது

வரப்புச் சண்டை முற்றிப் போலீஸ் ஸ்டேஷன் வரை போனால், அன்றே வக்கீல் தேவை. புகார் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். தமக்கு வேண்டிய வக்கீலைக் கலந்து பேசும் உரிமை அவருக்கு உண்டு.

வக்கீலிடம் போகும் போது

மூலப்பத்திரம் முதல் கடைசி ரசீது வரை தேதி வாரியாக அடுக்கி, ஒரு நகல் எடுத்துக்கொண்டு போங்கள். அசலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கி வாருங்கள். கோர்ட்டில் தாக்கல் செய்ய அசல் தேவைப்பட்டால் எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். உங்களுக்குப் பாதகமான விஷயத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். மருத்துவரிடம் நோயை மறைத்தால் யாருக்கு நஷ்டம்?

மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். இதில் எனக்குள்ள பலவீனம் என்ன? கடைசி நாள் எது? பீஸும் கோர்ட்டுக் கட்டணமும் சேர்த்து எவ்வளவு ஆகும்? கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்குங்கள். ஜெயித்தால் நிலத்தில் பங்கு தர வேண்டும் என்று பேசுவது வக்கீல் தொழில் விதிகளுக்கு விரோதம். கோர்ட்டு வாசலில் ஆள் பிடிக்கும் புரோக்கர்களை நம்பாதீர்கள்.

பணம் இல்லாதவர்களுக்கு

1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச வக்கீல் உதவி கிடைக்கிறது. பெண்கள், தாழ்த்தப்பட்ட வகுப்பினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. மற்றவர்களுக்கு வருமானம் குறிப்பிட்ட அளவுக்குள் இருக்க வேண்டும். தாலுகா கோர்ட்டில் இருக்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம். 15100 என்ற எண்ணில் போன் செய்தும் கேட்கலாம்.

இருதரப்பும் சம்மதித்தால் மக்கள் நீதிமன்றத்தில் வழக்கைப் பேசி முடிக்கலாம். அங்கே ஆகும் முடிவு கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம். கட்டிய கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் அதன் மீது அப்பீல் கிடையாது. ஆகவே அங்கேயும் நிபந்தனைகளைப் படித்துப் புரிந்துகொண்ட பிறகே கையெழுத்திட வேண்டும்.

இந்த வாரம் ஓய்வு கிடைக்கும் ஒரு நாளில் பெட்டியில் உள்ள பத்திரங்களை வெளியே எடுங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறதா, பாகம் பிரித்தது வெறும் கூர்சீட்டாகவே கிடக்கிறதா, வர வேண்டிய புரோநோட்டுக்கு 3 ஆண்டு நெருங்குகிறதா என்று பாருங்கள். பட்டா மாறுதலுக்குத் தாலுகா அலுவலகம் போங்கள். மற்ற இரண்டில் ஒன்று இருந்தாலும், அடுத்த முறை டவுனுக்குப் போகும் போது பத்திரத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு வக்கீலைப் பார்த்து வாருங்கள்.